சுவர் காயும்வரை

இன்ஜினியர் ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் வடக்குச் சுவருக்குள் பாதி ஆழம் இறக்கிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காத்திருந்தார். பின்னால் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தாள் ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள். அவர்கள் மகள் பொடிசு மட்டும் அகலமான ஜன்னல் விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்து, இது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதுபோல் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் நின்றது.

"இருபத்திரண்டு," என்றார் இன்ஜினியர், ஏதோ தன் தப்பு மாதிரி. "இன்னும் ஈரம் இருக்கு."

"இருக்கட்டும் சார். மெதுவா காயட்டும்," என்றாள் சித்தாள். முகத்தில் வந்த சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் அவர் வந்து பார்க்கும் அந்த எண் பதினைந்துக்குக் கீழே இறங்கினால் சுவர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சுவர் காய்ந்தால் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஏற்பாடே அதுதான். வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, உள்ளும் புறமும் மண்ணும் சுண்ணாம்பும் பூசிய வீடு அது. பூசியவர் கொத்தனார், மண் குழைத்துக் கொடுத்தவள் சித்தாள். கூரைக்குள் ஒரு முழ உயரத்துக்கு ஆட்டு ரோமம் திணித்திருந்தது. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. இப்படிப்பட்ட வீட்டைப் பூசிய கையோடு பூட்டிப்போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். யாராவது உள்ளே இருந்து காலையும் மாலையும் அடுப்பு மூட்டி, நடுப்பகலில் ஜன்னல்களைத் திறந்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரம்மா நகரத்தில் இருந்தார். காயும்வரை கொத்தனார் குடும்பமே இருக்கட்டும், அப்படியே வீட்டைச் சுற்றியிருக்கும் நிலத்தையும் ஒழுங்கு பண்ணட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதுவரை அவர்கள் இருந்தது செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பனிக்காலம் வந்தால் தகரத்தின் உள்பக்கம் தண்ணீர் கோத்துச் சொட்டும். பொடிசுக்கு நெஞ்சில் இளைப்பு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணுகிறாற்போல் தெரியும். போன பனிக்காலம் பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு பனிக்காலம் கொட்டகையில் வேண்டாம் என்றும் சொன்னார். எங்கே வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

புது வீட்டிலும் முதல் இரண்டு வாரம் பிள்ளை இருமத்தான் செய்தாள். சுவர் அப்போது பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது. சித்தாள் அடுப்பை அணையவே விடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. ஏன் இப்படித் தூங்கிப்போனோம் என்று பதறி எழுந்தவள், அறை முழுக்க நிறைந்திருந்த அமைதியைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பிள்ளையின் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. வெளியே காற்றில் மரங்கள் பேயாட்டம் ஆடின. சத்தம் துளியும் உள்ளே வரவில்லை.

அதிலிருந்து நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. கொத்தனார் காலையில் வீடு நின்ற சரிவின் கீழே கட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டைப் பூசப் போய்விடுவார். சித்தாள் நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டினாள், கீரை விதைத்தாள், கோழிக்கூண்டுக்குக் கதவு வைத்தாள். கோழிகள் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் முளைத்த கீரையைக் கிளறின. திட்டிக்கொண்டே விரட்டுவாள். களைத்து உள்ளே வந்தால் காலையில் மூட்டிய அடுப்பின் சூடு அப்படியே இருக்கும். கதவைச் சாத்தியதும் உலகமே எங்கோ தூரத்தில் நின்றுவிடும். மதிய வெயில் தெற்கு ஜன்னல் வழியாக வந்து தரையில் படுத்துக்கிடக்கும். அவளும் பக்கத்தில் கொஞ்சம் படுப்பாள். தான் யார் வீட்டில் இருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்தே போகும். ஒருநாள் கடைக்காரர் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, மேலே தெரியுதே அதுதான் எங்க வீடு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னது நன்றாகத்தான் இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இருபத்திரண்டுக்கு அடுத்த சனிக்கிழமை எண் இருபது. அதற்கடுத்தது பதினெட்டு. பனி முடிய இன்னும் பத்து வாரம். சுவர் இந்த வேகத்தில் காய்ந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

வெள்ளிக்கிழமை மதியம் கொத்தனார் வேலைக்குப் போனபின், சுண்ணாம்பு அடிக்கும் பிரஷ்ஷை எடுத்து வாளியில் முக்கி, இன்ஜினியர் ஊசி இறக்கும் வடக்குச் சுவரில் தண்ணீர் அடித்தாள். சுவர் தாகத்தோடு உறிஞ்சிக்கொண்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். மறுநாள் எண் இருபத்தொன்று. இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு, வெளியே எங்காவது ஒழுகுகிறதா என்று வீட்டை இரண்டு சுற்று சுற்றி வந்தார். சித்தாள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பாவம், நல்ல மனிதர். அவரை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அடித்தாள்.

அன்று கொத்தனார் சீக்கிரம் திரும்பிவிட்டார். வாளி சுவரோரம் இருந்தது. அவர் வாளியைப் பார்க்கவில்லை. நேரே சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார்.

"தண்ணி அடிச்சியா?"

அவள் மறைக்கவில்லை. "பனி முடியற வரைக்கும்தாங்க. அப்புறம் நானே மூட்டையைக் கட்டிக்கிட்டு முதல் ஆளா இறங்கிடறேன்."

"உள்ள இருக்கறது வைக்கோல். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ளயே அழுகும். என் கையால பூசின சுவரு இது."

"அழுகினா இன்னொண்ணு கட்டிப்பாங்க. இவ நெஞ்சு போச்சுன்னா நாம எங்க போய்க் கட்டறது?"

படுக்கையிலிருந்து பொடிசு இருமினாள். இரண்டு நாளாகவே இருமல் இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று சித்தாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது படுக்கையைப் பார்த்தாள், அதை ஒட்டி இருண்டு ஈரமாக நிற்கும் சுவரைப் பார்த்தாள். பிள்ளை தலை வைத்திருந்தது அவள் தண்ணீர் அடித்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. ஈரம் இருந்தால் இங்கே இருக்கலாம், ஆனால் பிள்ளை இருமும். காய்ந்தால் பிள்ளை தூங்கும், ஆனால் கிளம்ப வேண்டும். இத்தனை நாள் இது உறைக்காமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கொத்தனார் படுக்கையின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். பிள்ளையோடு சேர்த்து அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள். பிறகு அவளே போய் அடுப்பில் விறகு வைத்தாள்.

அதன்பின் வந்த மூன்று வாரம்போல் ஒரு காலம் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. சுவர் நாளுக்கு நாள் வெளுத்து, பால்நிறத்துக்கு வந்தது. காலையில் வைத்த இரண்டு கட்டை விறகு மாலைவரை தாங்கியது. வெளியே பனி முழங்கால் உயரத்துக்கு இறங்கி நிலம், வேலி, பாதை எல்லாவற்றையும் அழித்துவிட்டது. உள்ளே பொடிசு வெறுங்காலோடு ஓடினாள், பாடினாள், ஒரே மூச்சில் கதை சொன்னாள். கன்னத்தில் சதை பிடித்தது. சித்தாள் எதிலும் அவசரப்படவில்லை. தட்டுகளை மெதுவாகக் கழுவினாள், மெதுவாகத் துடைத்தாள். வீடு பிள்ளைக்கு நன்றாகச் சேர ஆரம்பித்துவிட்டது, அதனாலேயே கைவிட்டுப் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

"பதினாலு," என்றார் இன்ஜினியர். அவருக்கு வாயெல்லாம் பல். "இவ்வளவு நல்லா காய்ஞ்ச சுவரை நான் பார்த்ததே இல்ல. கீழ் வீட்டுக்கு நேத்து பூச்சு முடிஞ்சுது இல்லையா, அதையும் நீங்களே இருந்து காய வெச்சுக் குடுத்துடுங்க. உங்களுக்கும் தங்க இடம் ஆச்சு."

கொத்தனார் சித்தாளைப் பார்த்தார். வேண்டாம் என்றால் தகரக் கொட்டகை. சரி சார் என்றார்.

வீட்டுக்காரம்மா அடுத்த நாள் மதியம் காரில் வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே அறை அறையாகப் போனார். சத்தமே இல்லையே என்று மெல்லிய குரலில் வியந்தார். நல்ல பெண்மணிதான். கொத்தனாரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார், பொடிசின் தலையைக் கோதினார். கிளம்பும்போது சித்தாள் கொஞ்சம் தயங்கி, எப்போது குடிவருகிறீர்கள் என்று கேட்டாள்.

"வெயில் காலத்துல, லீவுக்கு. இந்தப் பனியில யாரு வருவா?"

"அதுவரைக்கும் வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணாமாம்மா? நாங்க வேணும்னா..."

"தேவையே இல்லம்மா. காய்ஞ்சாச்சே. இனி பூட்டியே வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். கோழிக்கு மட்டும் தினம் தீனி போட்டுடு."

சாவி கைப்பைக்குள் போயிற்று. கார் பனிக்குள் மெல்ல இறங்கி மறைந்தது.

கீழ் வீட்டில் சுவர்கள் கன்னங்கரேல் என்று ஈரமாக நின்றன. மூட்டிய அடுப்புக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. மூன்றாம் நாளே பொடிசுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தீனிப்பையைத் தோளில் மாட்டி, சித்தாள் மேலே ஏறினாள். கொஞ்ச நேரமாவது காய்ந்த காற்றை மூச்சில் வாங்கட்டுமே என்று நினைத்தாள்.

கூண்டு வீட்டின் வடக்குப் பக்கம் இருந்தது. தீனியைத் தூவிவிட்டு அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்தாள். வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே முழுக்கத் தெரிந்தது. தெற்கு ஜன்னலில் வந்த வெயில் வெறும் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. படுக்கை கிடந்த இடத்தில் ஒரு தூசிகூட இல்லை. பிள்ளை இருமி இருமி அவள் தோளிலேயே கண் அயர்ந்தாள். உள்ளே இருக்கும் கதகதப்பில் கொஞ்சமாவது முதுகுக்கு வராதா என்று சித்தாள் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். சுவர் ஜில்லென்று இருந்தது. துளிச் சூடும் வெளியே போகாதபடி கொத்தனார் அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தார்.