ஆராயி கல்யாணத்து மேளம்

ஆராயி இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்றபோது ராசிபுரம் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. புருஷன் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் ஆட்களுக்குள் புருஷன் போனவள் அறுத்துக் கட்டுவதும் உண்டுதான். ஆனால் மேளம் வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அப்போதுதான் ஊருக்கு வாய் முளைத்தது.

"பேரன் பேத்தி எடுத்தவளுக்கு மேளம் ஒரு கேடா?" என்று சந்தைப்பேட்டை முழுக்க ஒரே பேச்சு.

அடடா, என்ன ரோஷம் இந்த ஊருக்கு! போன வைகாசியில்தான் ஒரு பண்ணைக்காரர், தலை முழுக்கப் பஞ்சாய் வெளுத்தவர், பேத்தி வயசில் ஒரு பெண்ணைக் கட்டினார். இரண்டு செட்டு மேளம். இதே ஊர் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடித்தது. அன்றைக்கு ஒருத்தரும் வயசு கேட்கவில்லை.

ஆராயிக்குத் தன் வயசு சரியாகத் தெரியாது. தாதுப் பஞ்சம் தீர்ந்து மழை பெய்த வருஷம் பிறந்தவள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அதை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஐம்பத்தெட்டு என்றார்கள். போடத் தெரியாதவர்கள் கிழவி என்றார்கள். அவளோ சுற்றுப்பட்டுப் பட்டிகளில் வெண்ணெய் வாங்கி வந்து, முருங்கை இலை போட்டு உருக்கி, நெய் டின்னைத் தானே இடுப்பில் ஏற்றி வண்டியில் வைப்பாள். சேலத்துக்கு பஸ் ஓட ஆரம்பித்த பிறகும், நெய் மட்டும் சின்னுசாமியின் மாட்டு வண்டியில்தான் போனது. பஸ்காரன் டின்னை உருட்டிவிடுவான் என்று அவளுக்குப் பயம்.

சின்னுசாமி அவளைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவர். பெண்டாட்டி இல்லை. ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒரு நாள் சேலம் அம்மாபேட்டையில் நெய்யை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மாட்டின் முதுகைப் பார்த்தபடியே பேச்சை ஆரம்பித்தார்.

"ஏனுங்க ஆராயி, உங்க ஊட்ல ஒரு அடுப்பு எரியுது. எங்கூட்ல ஒண்ணு எரியுது. ஒரு அடுப்பாப் பண்ணிக்கலாமுங்களா?"

"எந்த அடுப்புங்க?"

"உங்க அடுப்புதானுங்க. நான் ஆக்குனா மாடுகூட மோந்து பாக்காது."

ஆராயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுதூரம் வந்தாள். பிறகுதான் கேட்டாள். "மேளம் வெப்பீங்களா?"

"வெச்சிட்டாப் போவுதுங்க," என்றார் சின்னுசாமி. அது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த மனுஷனுக்கு அப்போது தெரியாது.

அறுத்துக் கட்டுகிற கல்யாணத்துக்கு மேளம் வைக்கிற வழக்கமே கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே தாலியைக் கட்டி, காக்கா குருவிக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சின்ன வயசுக்காரிக்கே அப்படி என்றால் ஆராயிக்குச் சொல்ல வேண்டுமா? உள்ளூர் நாயனக்காரர் அங்கமுத்து, சின்னுசாமியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். "கெளவன் கெளவி கல்யாணத்துக்கு ஊதுனா, பொறவு வயசுப் புள்ளைங்க முகூர்த்தத்துக்கு எவனுங்க என்னையக் கூப்புடுவான்?" என்று கேட்டார். அந்த அங்கமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயசு. ஊதுகிற வாய்க்கு வயசு கிடையாது போலிருக்கிறது, கேட்கிற காதுக்குத்தான் உண்டு.

இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டவன் ஒருவன் உண்டென்றால் அது ஆராயியின் மகன் காளியப்பன்தான். கடலைக்காய் மண்டியில் எடை போடுகிறவன். நல்ல பிள்ளை, அம்மா பேச்சைத் தட்டாதவன். ஆனால் மண்டியில் நாலு பேர் சிரிப்பார்களே என்பதுதான் அவன் கவலை.

"அம்மா, கட்டிக்க வேண்டாங்கல. அந்தய்யா தங்கமான மனுசன். ஆனா மேளம் மட்டும் விட்டுரு. இந்த வயசுல எதுக்கு?"

ஆராயி வெண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"எனக்கு மொதக் கல்யாணம் ஆனப்ப எட்டு வயசு இருக்கும் கண்ணு. விடியறதுக்கு முன்னால முகூர்த்தம். நான் எங்கத்தை தோள்ல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வண்டியில போயிட்டிருக்கேன், களுத்துல தாலி கெடக்குது. எங்கல்யாணத்து மேளம் எடப்பாடி வரைக்கும் கேட்டுதுன்னாங்க எல்லாரும். எனக்குத்தான் கேக்கல."

"அது செரி..."

"உங்கல்யாணத்துக்கு நான் எங்க நின்னேன், தெரியுமா?"

காளியப்பனுக்குத் தெரியவில்லை. அவன் அன்றைக்கு மாப்பிள்ளை, பின்னால் திரும்பிப் பார்க்கிற நேரமா அது?

"தாலியறுத்தவ முன்னால வரக்கூடாதுன்னு பாத்திரம் களுவற எடத்துல நிக்க வெச்சாங்க. கெட்டிமேளம் கொட்டறப்ப என் பக்கத்துல ஒருத்தி அண்டாவைத் தேச்சிட்டிருந்தா. எம்பையன் தாலி கட்டற மேளத்தை அந்த அண்டாச் சத்தத்துக்கு நடுவுலதான் கேட்டேன். சாவறதுக்குள்ள ஒரு மேளம் எனக்குன்னு கொட்டோணும். அது இல்லீன்னா இந்தத் தாலியும் வேண்டாம். சின்னுசாமிகிட்டச் சொல்லிரு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்னுசாமியின்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. ஒளிந்து ஒளிந்து கட்டிக்கொள்ள மட்டும் மனசு ஒப்பவில்லை. காளியப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு எடப்பாடிக்கு பஸ் ஏறினான். திரும்பி வந்து, "மேளம் வரும்," என்று மட்டும் சொன்னான். யாருக்குக் கல்யாணம் என்பதை அவன் அங்கே விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. எங்க ஊட்டுல கல்யாணம் என்றதோடு நிறுத்திக்கொண்டிருந்தான்.

ஏரிக்கரைப் பிள்ளையார் கோயிலில், வெயில் ஏறிய பிறகு முகூர்த்தம். பட்டப்பகலில்தான் வேண்டும் என்று ஆராயி சொல்லிவிட்டாள். மருமகள் பழனியம்மாள், தன் கல்யாணப் பெட்டியைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்து மாமியாருக்குக் கட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கறேன்," என்றாள் ஆராயி, யாரும் கேட்காமலே.

கரை மேல் நல்ல கூட்டம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதி, வேடிக்கைக்கு வந்தவர்கள் பாதி. அங்கமுத்துகூட ஒரு வேப்ப மரத்தடியில் ஒதுங்கி நின்றார். எடப்பாடி செட்டு பஸ்ஸின் தலையில் தவுலைக் கட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நாயனக்காரர் மாரியப்பன் இளவயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். வந்ததும் தலை நிறையப் பூ வைத்திருந்த பழனியம்மாளைப் பார்த்து, "பொண்ணுங்களா? நல்லா இருக்கோணும்," என்றார். இடுப்பில் குழந்தையோடு நின்ற பழனியம்மாள் திருதிருவென்று விழித்தாள். சின்னுசாமியிடம் போய், "பொண்ணுக்கு அப்பாருங்களா?" என்றார். சின்னுசாமி கும்பிட்டு வைத்தார். இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காளியப்பன் கிட்டே வராமல், வராத விருந்தாளிகளுக்கும் சேர்த்து இலை நறுக்கிக்கொண்டிருந்தான்.

பூசாரி இருவரையும் மனையில் உட்கார வைத்தார். மாலைகள் இன்னும் தட்டில்தான் இருந்தன. தேங்காய் உடைத்து, தாலியை எடுத்துச் சின்னுசாமி கையில் கொடுத்தார். சின்னுசாமி மேளக்காரர்களைப் பார்த்தார். ஆராயியும் பார்த்தாள். மேளம் கொட்டவில்லை.

தாலியைப் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டுக் கொடுப்பது எல்லா ஊரிலும் இருப்பதுதானே. அதுதான் நடக்கிறது என்று செட்டு பொறுமையாகக் காத்திருந்தது. சின்னுசாமி தாலியை நீட்டிப் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாரியப்பன் பணிவாகச் சொன்னார்.

"பெரியவரே, தொட்டுக் கும்பிட்டாச்சுன்னா அப்படிக் குடுத்திருங்க. பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டியாரச் சொல்லுங்க, நல்ல நேரம் போவுதுங்க."

கரையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் கரை முழுவதும். ஆராயிக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. மேளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அவளுக்கென்று கொட்டாது போலிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கூட்டத்துக்குள் மகனைத் தேடினாள்.

காளியப்பன் இலைக்கத்தியைக் கீழே போட்டான். மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் நின்ற பக்கமாகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பொண்ணு வந்தாச்சுங்க," என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. ஏரியின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னான். "எங்கம்மாதானுங்க பொண்ணு. இவருதான் மாப்பிள்ளை. என்னத்தைப் பாக்கறீங்க? கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

விரலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். தவுல்காரருக்கு விஷயம் புரிந்ததோ என்னவோ, அந்த விரலைக் கண்டதும் கை தானாக இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே நாயனமும் எழுந்தது. அப்படி ஒரு மேளம். வேப்ப மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. சிரித்தவர்கள் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

"அத்தை, தலையக் குனிங்க, தாலி கட்டறாங்க," என்று பழனியம்மாள் பின்னாலிருந்து காதில் கத்தினாள்.

"குனிஞ்சா எனக்குத் தவுல் தெரியாது அம்மிணி."

ஆராயி தலையை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, தவுலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. சின்னுசாமி எட்டிப் பார்த்து, தடவித் தடவி மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். மேளம் நின்றது.

"ஏஞ்சாமி நிறுத்திட்டீங்க?" என்றாள் ஆராயி.

மாரியப்பன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். சங்கடத்தோடு சிரித்தார். "தாலி கட்டியாச்சுங்களே அம்மா."

"அது தாலிக்குக் கொட்டுனது. இப்ப எனக்குக் கொட்டுங்க."

இந்தத் தடவையும் கரை சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு, ஆராயியும் அதில் சேர்ந்துகொண்டாள். மாரியப்பன் என்ன செய்வதென்று காளியப்பனைப் பார்த்தார். காளியப்பன் அம்மாவைப் பார்த்தான். பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வெகுதூரம் முன்னால், கூட்டத்துக்கெல்லாம் நடுவில், அவள் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவன் மறுபடியும் விரலைத் தூக்கினான்.