கேனில் மிச்சமிருந்த தண்ணீர்

இது ஏன் இவ்வளவு கனக்கிறது? காலியாகத்தானே இருக்க வேண்டும்.

காரின் பின்பக்கத்தில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கப் போனவளின் கை அப்படியே நின்றது. மூடியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. உள்ளே தண்ணீர் தளும்புவது காதில் விழுந்தது. காட்டுக்குள் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்பும்போது, நெருப்பை அணைக்கவென்றே ஒதுக்கி வைத்திருந்த ஐந்து லிட்டர் அது. "நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க, நெருப்பை நான் பாத்துக்கறேன்" என்று காலையில் சொன்னவர் அக்கா புருஷன்.

கேட்கலாமா? கேட்டால் மாமா சிரிப்பார். அக்காவும் சேர்ந்துகொள்வாள். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் ஒருமுறை பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடிய தங்கையாயிற்றே அவள். அன்று கேஸ் மூடித்தான் இருந்தது. சொந்தக்காரர் யார் வந்தாலும் காபியோடு அந்தக் கதையையும் அக்கா ஆற்றிக் கொடுப்பாள்.

"மாமா, நெருப்பை எப்படி அணைச்சீங்க?"

"மண்ணைத் தள்ளி மூடிட்டேன். மூச்சு முட்டிச் செத்திருக்கும்."

"தண்ணி?"

"ஏத்தத்துல வண்டி சூடாகுதுல்ல, ரேடியேட்டருக்கு ஆகும்னு கொண்டாந்துட்டேன். சுமந்தது நான், உனக்கு என்னம்மா வலிக்குது?"

முன்சீட்டில் செருப்பிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பவே இல்லை. "ஆரம்பிச்சுட்டாளா?"

அவள் கண்ணுக்குள் மாமா நேற்று நெருப்பில் போட்ட கட்டைதான் நின்றது.

தையல் கூடத்தில் துணி வெட்டுவது அவள் வேலை. மெல்லிய துணிக்கு ஒரு கத்தரி, கெட்டித் துணிக்கு வேறொன்று. எந்தக் கத்தரியை எடுக்கிறோமோ அதுவே பாதி வேலையைத் தீர்மானித்துவிடும் என்பது அவள் கைக்குத் தெரியும். அதனால் இந்தப் பயணத்துக்கு ஒரு மடக்கு ரம்பம் போதும் என்றிருந்தாள். தரையில் உதிர்ந்து காய்ந்த சுள்ளி, மிஞ்சிப் போனால் மணிக்கட்டுக் கனத்துக் கிளை. அதற்கு மேல் அந்த ரம்பம் போகாது, போகவும் வேண்டாம். அந்த மாதிரி விறகு எரிந்தால் முழுசாகச் சாம்பலாகிவிடும். மாமா புதுக் கோடரி வாங்கி வந்தார். ரம்பத்தைப் பார்த்து, "கத்திரிக்காய் நறுக்கவா?" என்றார். கையில் கோடரி இருப்பவருக்குச் சுள்ளி பொறுக்க மனம் வருமா? விழுந்து கிடந்த மரத்தில் தொடைக் கனத்துக்கு ஒரு கட்டையை வெட்டி நேற்று மாலை நெருப்பில் போட்டார். காலையில் பார்த்தபோது அது பாதிகூட எரிந்திருக்கவில்லை. மண்ணைப் போட்டால் அப்படிப்பட்ட கட்டை சாகாது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட மாதிரி உள்ளே கிடந்து கனிந்துகொண்டே இருக்கும்.

வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறிக்கொண்டிருந்தது. மேலே காடெல்லாம் காய்ந்த சருகு.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"முக்கால் மணி நேரம் ஏறணும்டி."

"ஏறிக்கறேன்க்கா."

கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சற்றுத் தூரம் போனதும் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மாமா கைமண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். "உன்னைத் தனியா விட்டா உங்க அக்கா என்னைத்தான் மண்ணைப் போட்டு மூடுவா" என்று முனகியபடி கேனை வாங்கிக்கொண்டார்.

ஏறும்போது அவளுக்குத் தன்னைப் பற்றியே ஒரு விஷயம் பிடிபட்டது. கொஞ்சமாவது நெருப்பு மிச்சமிருக்க வேண்டும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. சும்மா பயந்தவள் என்ற பெயர் இந்த முறையாவது வரக்கூடாதே. அடுத்த நொடி அந்த ஆசையே அவளைத் திடுக்கிட வைத்தது. யாரோ சிரிக்காமல் இருப்பதற்காக ஒரு காடு புகைய வேண்டுமா? கேலி வந்தால் வரட்டும், அங்கே ஒன்றுமே இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நடையை எட்டிப் போட்டாள்.

கூடாரம் இருந்த இடத்தில் புகை இல்லை. மண்மேடு அமைதியாகக் கிடந்தது.

"பாத்தியா? சமாதி மாதிரி கிடக்கு."

அவள் குத்துக்காலிட்டு, புறங்கையை மேட்டின்மேல் வைத்தாள். சுட்டது. மண்வெட்டியை வாங்கிக் கிளறினாள். கட்டையின் அடிப்பக்கம் செக்கச்செவேலென்று இருந்தது. அதை ஒட்டி, பெருவிரல் கனத்து மரவேர் ஒன்று கருகி, மேட்டைத் தாண்டி ஒரு சாண் தூரம் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டு போயிருந்தது. அதன் நுனிக்குப் பக்கத்தில் சருகு.

மாமா முட்டி போட்டு உட்கார்ந்து சருகையெல்லாம் கையால் வாரித் தள்ளினார். அவள் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினாள். சீறியது. கிளறினாள், கட்டையைப் புரட்டினாள், மறுபடி ஊற்றினாள். வேரைத் தோண்டிக்கொண்டே போய், கருகாத இடம் வரும்வரை நனைத்தார்கள். கேன் தீர்ந்து, குடிக்க வைத்திருந்த பாட்டிலும் தீர்ந்தது. கடைசியில் அவள் ஈரச் சாம்பலுக்குள் கையை மணிக்கட்டுவரை விட்டாள். ஒரு பக்கம், நடுவில், வேர் ஓடிய பள்ளத்தில். எங்கும் சில்லென்று இருந்தது.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. காற்று ஒரு தடவை பலமாக வீசி மரங்களை உலுக்கிவிட்டுப் போனது. வெறும் காற்றுதான். இவ்வளவு நேரமாக மேலே ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் கேட்டது.

மாமாவும் பொத்தென்று உட்கார்ந்தார். மூக்கு நுனியில் கரி. "நல்லவேளை" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நல்லவேளை."

பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"உங்க அக்காகிட்ட, போய்ப் பாத்தோம், எல்லாம் அணைஞ்சுதான் இருந்துச்சுன்னு சொல்லிடுவோமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னை நாலு நாள் கிண்டல் பண்ணுவா. உனக்குத்தான் பழகிப் போச்சே. என்னைன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் என்று எதுவும் அவளிடம் மிச்சமில்லை. இருந்த நிம்மதியில் அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். வேண்டுமானால் அவருடைய பையையும் சேர்த்துச் சுமந்து இறங்கியிருப்பாள்.

"இல்ல மாமா" என்றாள் மெதுவாக, கைச் சாம்பலைப் புல்லில் துடைத்தபடி. "கேட்டா, நடந்ததைச் சொல்லுவேன்."