பஸ்ஸில் போன முதல் பாகம்

பாண் ரொட்டி வெட்டுகிற கத்தியால்தான் புத்தகத்தை வெட்டினார்கள். கணக்கியல் பாடப்புத்தகம், செங்கல் தடிப்பு. விலை ஏறக்குறைய ஒருவனுடைய ஒரு வார வாடகை. மூன்று பேருக்கு மூன்று புத்தகம் வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. கத்தியை மெய்யப்பன் கொண்டுவந்தான். சுபாஸ்கரன் புத்தகத்தை இஸ்திரிப் பலகையின்மேல் வைத்து அமுக்கிப் பிடித்தான். சீட்டுப் போட்டதில் கணேஸ்வரனுக்கு நடுப்பாகம் விழுந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாகங்களை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

அது 2002. கிழக்கு இலண்டன் மனோர் பார்க்கில், ரொம்ஃபோர்ட் ரோட்டில் ஒரு தெருமுனை, மேல்மாடி அறை. ஆள் மூன்று, மெத்தை இரண்டு. எப்போதும் ஒருவன் வேலையில் நின்றதால் மூன்றாவது மெத்தைக்குத் தேவை வரவில்லை. மேசை கிடையாது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன இஸ்திரிப் பலகையை உயர்த்தினால் நின்று படிக்கலாம், பதித்தால் மெத்தையில் இருந்து படிக்கலாம். குளிர் கூடிய நாட்களில் விரல்நுனி வெட்டிய கையுறையோடு கணக்குச் செய்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலில் சாப்பாடு. சுபாஸ்கரன் கும்பிட்ட நேரத்தைவிடச் சாப்பாட்டு வரிசையில் நின்ற நேரம் அதிகம். மெய்யப்பனுக்கு மலேசியாவில் ஈப்போவிலிருந்து தாய் அனுப்பும் சம்பல் வந்தால் அன்றைக்கு யாரும் ஷிப்டுக்கு நேரத்துக்குப் போகமாட்டார்கள். சோறும் சம்பலும் தின்றுவிட்டு, பரீட்சை வினாக்களை மெய்யப்பன் செய்தி வாசிப்பவனைப் போல நீட்டி முழக்கி வாசிப்பான். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விடை யாருக்கும் தெரியாது.

கணேஸ்வரனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அந்த அறையை நினைக்காத நாள் அவனுக்குக் குறைவு. இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், ஈரச்சுவரும் எலியும் இருந்த அறை என்று சொல்வான். அதுவும் உண்மைதான்.

பாகங்கள் ஒரு தரம்கூடக் கைமாறவில்லை. முதல் ஞாயிறு வருமுன்பே சுபாஸ்கரன் முதல் பாகத்தோடு 25ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, மேல்தட்டில் தூங்கி, இல்ஃபோர்டில் வெறுங்கையோடு இறங்கினான். கணக்கியலின் அடிப்படை முழுவதும் இலண்டனைச் சுற்றப் போய்விட்டது. அதன்பின் பாகம் மாற்றும் பேச்சும் நின்றுபோனது. கணேஸ்வரன் தன் நடுப்பாகத்தைப் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இரவிரவாக மனப்பாடம் செய்தான். தேய்மானம், வருட முடிவுச் சரிக்கட்டல்கள், வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தல். எல்லாம் வாயில் நின்றது. பரீட்சையில் இரண்டு முறை விழுந்தான். மூன்றாம் முறைக்குப் பணம் கட்டவில்லை. மெய்யப்பன் தேறி மேலே போனான். சுபாஸ்கரனும் அந்தத் தாளில் தேறினான், பிறகு கனடாவுக்கு, ரொறொன்ரோவுக்குப் போய் வீடு விற்கத் தொடங்கினான். கணேஸ்வரன் இரவு வேலைக்குப் போனான். டாகன்ஹாமில் ஒரு பார்சல் கிடங்கு. இன்றுவரைக்கும் அதே கிடங்கு, அதே இரவு.

இப்போது திரும்பவும் கல்லூரிக்குப் போவதற்குக் காரணம் கணக்கியல்மேல் இருந்த காதல் அல்ல. அவனுக்கு இரவில் தூங்க வேண்டும். கிடங்கின் கணக்குப் பிரிவில் அடுத்த கோடையில் ஓர் இடம் காலியாகிறது. பகல் வேலை. லெவல் மூன்று சான்றிதழ் இருந்தால் உன்னை எடுப்பேன் என்று மேலாளர் வாயால் சொல்லியிருந்தார்.

ஸ்ட்ராட்ஃபோர்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பகல் வகுப்பு. சேர்க்கும்போது ஆசிரியை மிஸிஸ் அஜ்யமன் சில கேள்விகள் கேட்டார். கானாவில் பிறந்தவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். தேய்மானத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு முன்கூட்டிக் கட்டிய வாடகையை எப்படிச் சரிக்கட்டுவாய் என்று கேட்டார். கணேஸ்வரன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். லெவல் இரண்டு உனக்குத் தேவையில்லை, நேரே மூன்றில் சேர் என்றார். வீட்டுக்கு வரும்போது அவன் நிமிர்ந்து நடந்தான்.

ஐந்தாவது வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. ஒரு கடை வேன் வாங்குகிறது, வெள்ளைப் பலகையில் வந்து இரண்டு பக்கமும் எழுது என்றார் மிஸிஸ் அஜ்யமன். இரவு வேலை முடித்து நேரே வந்தவன், மார்க்கரோடு பலகைக்கு முன்னால் நின்றான். எது டெபிட், எது கிரெடிட், ஏன் என்று அவனுக்குத் தெரியாது. ஒருபோதும் தெரிந்ததில்லை. அவனுடைய பாகம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பின்வரிசையில் அவன் மகள் வயதுப் பிள்ளை ஒன்று, உதவுகிற எண்ணத்தோடு, "இடது பக்கம்" என்று மெல்லச் சொன்னது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் மிஸிஸ் அஜ்யமன் அவனை நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை. நீ இரண்டாம் மாடியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறாய், கீழே ஒன்றும் இல்லை என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் லெவல் இரண்டு வகுப்புக்கு மாறு, இல்லாவிட்டால் உன் பெயரை எடுத்துவிட வேண்டிவரும் என்றார். மாறினால் பகல் வேலை அடுத்த கோடையில் கிடைக்காது. இன்னும் ஒரு வருடம் இரவு. அதற்கடுத்த வருடம் அந்த இடம் இருக்குமோ, யாருக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி செல்வமலர் சோற்றைப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"என்னப்பா, முகம் தொங்குது? ரீச்சர் பேசிப்போட்டாவோ?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையாம். கோயில்ல சுலோச்சனா அக்கா கேட்டவ, இவர் எந்த லெவல் எண்டு. மூண்டு எண்டு சொன்னன். ரெண்டு படிக்காமல் நேரா மூண்டு எண்டு."

"அதையேன் போய்ச் சொன்னனீர்?"

"பின்னை? அவவின்ரை மனுசன் டிரைவிங் தியரியே நாலாந் தரம்தான் பாஸ் பண்ணினவர். எத்தினை வருசம் அவவின்ரை பெருமையை நான் கேட்டுக்கொண்டே இருந்தனான். எனக்கும் ஒருக்கா எதையாவது சொல்ல வேணும் போல இருந்தது."

கணேஸ்வரன் சோற்றைப் பிசைந்தான். விட்டுவிடலாம் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டான். விடுவது அவனுக்குப் பழக்கமானது, எப்படி என்று தெரியும். ஒன்றும் பேசாமல் போகாமல் இருந்தால் போதும்.

ஆனால் சனிக்கிழமை பின்னேரம் வால்தம்ஸ்டோவில் மெய்யப்பனின் கதவைத் தட்டினான். ஒரே பின்னேரத்தில் இரண்டு பக்கத்தையும் மண்டைக்குள் ஏற்றிவிட்டால் மூன்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. மெய்யப்பன் இப்போது ஒரு வீட்டுவசதி நிறுவனத்தில் நிதி மேலாளர். தலை வழுக்கை, வயிறு முன்னுக்கு. குரல் மட்டும் அதே செய்தி வாசிப்புக் குரல்.

"கணேஸ்! வாடா வாடா. சப்பாத்தக் கழட்டாத. இல்ல இல்ல, கழட்டிடு, பொண்டாட்டி கத்துவா."

தேநீர் வந்தது. கணேஸ்வரன் சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு உதவி கேட்டு வந்தனான். டெபிட்டையும் கிரெடிட்டையும் இண்டைக்குள்ள சொல்லித்தா."

மெய்யப்பன் சிரித்தான். எதிரில் இருந்தவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"விளையாடுறியாலா?"

"இல்லை. கல்லூரியில கீழ் வகுப்புக்கு மாறச் சொல்லினம். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்ல வேணும்."

மெய்யப்பன் ஒரு கடித உறையைத் திருப்பி அதில் கோடு போட்டான். "இங்க பாரு. வேன் வாங்குறேன். வேன் வருது, டெபிட். காசு போகுது, பேங்க் கிரெடிட். முடிஞ்சிச்சு."

"பாங்க்காரன் அனுப்பிற ஸ்டேட்மெண்டில காசு வந்தால்தானே கிரெடிட் எண்டு போடுறான்?"

"அது அவன் ஸ்டேட்மெண்ட்லா."

"காசு என்ரை காசு."

"உன் காசுதான். ஆனா அவன்... ஐயோ. இது மொத சேப்டர்டா. இத எப்படி விளக்குறது? எப்படி நடக்குறேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"முதல் சாப்டர் பஸ்ஸில போயிட்டுதெல்லோ."

மெய்யப்பன் தொடையில் அடித்துக்கொண்டான். "ஆமாலா! இருபத்தஞ்சு! சுபாஸ் டிப்போவுக்கு போன் போட்டான், ஞாபகம் இருக்கா? 'என்ன புத்தகம் தொலைச்சீங்க'ன்னு கேட்டா, 'புத்தகம் இல்ல சார், புத்தகத்துல மூணுல ஒண்ணு'ன்னான். அந்த ஆளு போனையே வச்சிட்டான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அறை திரும்பி வந்தது. சம்பல் வாசம், இஸ்திரிப் பலகையின் கால் கிரீச்சிடும் சத்தம், சுவரோரம் காயப்போட்ட காலுறைகள். மெய்யப்பனின் கண் நனைந்திருந்தது. "அந்த மாதிரி சிரிச்சு எவ்வளவு நாளாச்சு," என்றான். கணேஸ்வரன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அதுக்குப் பிறகு நீ என்னெண்டு படிச்சனி, முதல் பாகம் இல்லாமல்?"

"வேற வாங்கிட்டேன்."

"என்னத்தை?"

"புத்தகத்த. முழுசு. அந்த வாரமே." மெய்யப்பன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தான். "சுபாஸ் கூட வாங்கினானே, பழைய புத்தகம் ஒண்ணு, எங்கேயோ புடிச்சான். ஏன், நீ வாங்கலையா?"

"அறையில நான் ஒரு புத்தகமும் காணேல்லை."

"ரூம்ல எங்கடா இடம்? வேல செஞ்ச ஓட்டல் லாக்கர்ல கெடந்திச்சு. அங்கேயே படிப்பேன்." பிறகுதான் அவன் முகம் மாறியது. "டேய். நீ அந்த நடு பாகத்த மட்டும் வச்சிக்கிட்டா பரீட்ச எழுதின?"

"மூண்டு பேரும் அப்பிடித்தான் சமாளிக்கிறம் எண்டு நினைச்சன்."

"எப்படிலா சமாளிக்கிறது? பைத்தியமாடா நீ? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கணேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தான். தான் தோற்றதற்கு இவ்வளவு காலமும் அவனிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. நல்ல மனநிலையில் இருந்தால் இரவு வேலை. மற்ற நாட்களில் தன் மண்டை. புத்தகத்தின் தொடக்கம் தன்னிடம் இல்லை என்பதை ஒரு காரணமாகவே அவன் எண்ணியதில்லை. மூன்று பேரும் ஒரே பட்டினி என்றுதான் நினைத்திருந்தான். இரண்டு பேர் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒளித்துச் சாப்பிடவும் இல்லை. அவனும் சாப்பிட்டிருப்பான் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தான். கோபிக்க ஆள் கிடைக்கவில்லை. பஸ்ஸைத்தான் கோபிக்க வேண்டும்.

"கீழ் கிளாஸுக்குப் போகச் சொன்னாங்கன்னா போலா," என்றான் மெய்யப்பன், வாசல்வரை வந்து. "வெட்கம் என்ன இதுல?"

"உனக்கென்ன. மலர் கோயில் முழுக்க மூண்டு எண்டு சொல்லிவைச்சிருக்கிறாள்."

"அப்ப கோயில மாத்து."

ஞாயிற்றுக்கிழமை செல்வமலரிடம் சொன்னான். லெவல் இரண்டு, தொடக்கத்திலிருந்து, இன்னும் ஒரு வருடம் இரவு வேலை. அவள் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள். மீன் முழுவதையும் தடவி முடித்தாள்.

"விடேல்லைத்தானே?" என்றாள் கடைசியில்.

"விடேல்லை."

"அப்ப சுலோச்சனா அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ. என்னாலை ஏலாது."

செவ்வாய்க்கிழமை காலை கணேஸ்வரன் லெவல் இரண்டு வகுப்பில் போய் இருந்தான். அதே மிஸிஸ் அஜ்யமன், சிறிய அறை. அவர் பெயரைப் பதிந்துகொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு கணம் பார்த்தார், அவ்வளவுதான். பக்கத்தில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் ஒரு சோமாலியன், தன் கடைக் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்று வந்தவன். அன்றைக்குக் கணேஸ்வரன் மூன்று தரம் கை தூக்கினான். மூன்றும் மடத்தனமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் கிடைத்தது. மூன்றையும் தானும் கேட்க இருந்ததாகச் சோமாலியன் சொன்னான்.

வகுப்பு முடிந்து, ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு புத்தகக் கடைக்குள் போனான். பாடப்புத்தகம் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. கடைக்காரப் பெண், பழையது பாதி விலைக்கு இருக்கிறது என்றாள்.

"முழுசா இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. புதியதையே வாங்கினான்.

25 வந்தது. மேல்தட்டில் முன் இருக்கை காலியாகக் கிடந்தது. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவன் தூங்கவில்லை. கண் எரிந்தது. உறையைக் கிழித்து முதல் அத்தியாயத்தை விரித்தான். வங்கி ஸ்டேட்மெண்டைப் பற்றி ஒரு பெட்டிக்குள் நான்கு வரி இருந்தது. அது உன்னுடைய கணக்கு அல்ல, வங்கியின் கணக்கு. நீ போட்ட காசு உனக்குச் சொத்து, வங்கிக்கு அது உனக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். ஆகவே வங்கி தன் பக்கத்தில் கிரெடிட் என்று எழுதுகிறது. நீ உன் பக்கத்தில் டெபிட் என்று எழுது.

இன்னொரு தரம் வாசித்தான்.

"இவ்வளவுதானா?" என்றான், வாய்விட்டு. பின்னால் இருந்த கிழவி தலை நிமிர்ந்து பார்த்தாள். "சனியன், இவ்வளவுதானா?"

ரொம்ஃபோர்ட் ரோட்டில் பஸ் ஊர்ந்தது. பழைய தெருமுனை வந்தது. அந்த மேல்மாடி யன்னலில் இப்போது யாரோ வெள்ளைத் திரை போட்டிருந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் திரும்பி, யன்னல் மறையும்வரை பார்ப்பான். இன்றைக்கும் திரும்பினான், விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு. பிறகு குனிந்து அடுத்த பக்கத்தைப் படித்தான். அதற்கடுத்த பக்கத்தில் தூங்கிவிட்டான்.

விழித்தபோது இல்ஃபோர்டு. கடைசித் தரிப்பு. சாரதி கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தான். கணேஸ்வரன் துள்ளி எழுந்து படியில் இறங்கினான், பாதியில் நின்று அக்குளைத் தடவிப் பார்த்தான். புத்தகம் இருந்தது. தெருவில் கால் வைத்த பிறகும் இன்னொரு தரம் பார்த்தான்.