தலையசைத்தவரின் வாக்குமூலம்

வீடு இரண்டுபட்ட நாள் முதல் அண்ணிக்கும் கொழுந்தனாருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆயினும் விசாரணை அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசைகளே வாய்த்திருந்தன. சாட்சிகள் பேசுவதை நேரில் கேட்டுத் தட்டச்சு செய்வது அண்ணியின் பணி. அக்கோப்புகளைச் சுத்தம் செய்து தலைவருக்கு அனுப்புவது கொழுந்தனாரின் பணி. ‘இருமுகிறார்’, ‘தண்ணீர் அருந்துகிறார்’ என்று அண்ணி அடைப்புக்குறிக்குள் எழுதுபவை அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தன.

“இருமினது, தும்மினது எல்லாம் இருக்கு. கொட்டாவியை மட்டும் ஏன் அண்ணி விட்டுட்டீங்க?”

“உங்களை மாதிரி யாரும் வந்து உக்காரல தம்பி. படிச்சுப் பாத்துட்டு கை வைங்க.”

“படிக்கிறதுக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு ரெஜெக்ஸ் இருக்கு.”

தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லிவிட்டால், எத்தனை கோப்பானாலும் ஒரே மூச்சில் துழாவி மாற்றிவிடும் கட்டளை அது. அடைப்புக்குறியையும் அதனுள் இருக்கும் எதையும் நீக்குமாறு அவர் ஒரு வரி எழுதினார். நாற்பத்திரண்டு கோப்புகள், கண் மூடித் திறப்பதற்குள் சுத்தமாயின. பிரதி எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

நண்பகலில் தலைவர் ஒரு தாளுடன் வந்து நின்றார்.

“விபத்துல அடிபட்ட இந்த மெஷின்காரர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லலையே. ஒத்துழைக்கலன்னு எழுதி மூடிடவா? வேலை போயிடும், பாவம்.”

கொழுந்தனார் தாளைப் பார்த்தார். ‘இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னவர் மேற்பார்வையாளரா?’ என்ற கேள்விக்குக் கீழே வெறுமை. அடுத்ததற்கும் வெறுமை. அறுந்த இயந்திரப் பட்டை கழுத்தில் அடித்ததால் அம்மனிதர் பேச்சிழந்தவர் என்பது கொழுந்தனாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மனிதர் அளித்த பதில்கள் அனைத்தும் தலையசைப்புகள். அனைத்தும் அடைப்புக்குறிக்குள் இருந்தவை.

அண்ணி அத்தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தம் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“இவரை நம்பாம நான் ஒவ்வொண்ணையும் தனியா எடுத்து வெச்சுக்குவேன் சார். யார் அழிச்சதுன்னு தெரிஞ்சதும் தரேன்.”

“நீங்களா?” என்றார் தலைவர்.

கொழுந்தனார் மெல்லத் தலையசைத்தார்.

“வாயால சொல்லுங்க தம்பி,” என்றார் அண்ணி. “தலையாட்டினா யாராவது அழிச்சிடுவாங்க.”

“நான்தான் சார். படிக்காம அழிச்சிட்டேன்.”

அண்ணி பென் டிரைவைத் தலைவரின் கையில் வைத்தார். பிறகு கொழுந்தனாரின் பக்கம் திரும்பாமலேயே தம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த சாட்சியை அழைக்கச் சொன்னார்.