பாதியில் நின்ற பேய்க்கதை

என் வீட்டுக்காரரின் அக்கா படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆறு வாரத்தை எப்படி ஓட்டப்போகிறோம் என்றுதான் எனக்குக் கவலை. அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது. சண்டை எதுவும் கிடையாது. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அண்ணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயரான பிறகும், நாம் ஒரு வாக்கியம் முடித்தால் இணைப்பைத் துண்டிக்கிற மாதிரி ‘சரி’ என்பார். அதற்கு மேல் வாய் திறக்க நமக்கே தோன்றாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் மூன்று மணிக்குத்தான் ஏற்றுவேன். அந்த நேரம் எனக்கே எனக்கு. சாப்பிட்டுக்கொண்டே பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்ப்பேன். ‘யாரும் இல்லாத நேரம்’ என்று பெயர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வியாழக்கிழமை எட்டரைக்கு வரும். அதனால் அதை எல்லோரும் ‘எட்டரை’ என்றே சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு கதை. பேய், ஆவி, காரணம் பிடிபடாத சங்கதி ஏதாவது. போன வாரம் வந்த ஆட்கள் இந்த வாரம் வரமாட்டார்கள். கறுப்பு வெள்ளைதான். கிடங்கில் கிடந்த நாடாக்களைத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

அண்ணிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று மூன்று நாள் பார்க்காமல் இருந்தேன். நாலாம் நாள் தாங்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவைத்துப் போட்டேன். முகப்பு இசை முடிவதற்குள் உள் அறையிலிருந்து குரல் வந்தது.

“அது எட்டரைதானே? எதுக்குத் திருட்டுத்தனமா பாக்கற? இங்க கொண்டா.”

டேப்லெட்டை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு ரயில் நிலையம். டிக்கெட் கொடுப்பவரிடம் ஒரு பெண் வந்து நிற்கிறாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “அவ கையில இருக்கறது போன வருஷத்து டிக்கெட். அவ செத்தாச்சு” என்று அண்ணி போட்டு உடைத்துவிட்டார்.

“ஏற்கெனவே பாத்திருக்கீங்களா?”

“ஒண்ணுகூடப் பாத்ததில்ல. வியாழக்கிழமை எப்பவும் எனக்கு ராத்திரி டியூட்டி.”

பிறகு அவராகவே சொன்னார். எட்டரை மணி ஆனதும் எக்ஸ்சேஞ்சில் இணைப்புப் பலகையின் விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்துவிடுமாம். அரை மணி நேரம் ஒரு அழைப்பும் வராது. வேலை பார்க்கும் பெண்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது அடித்து ஒரு நிமிஷம், பலகை மொத்தமும் குப்பென்று எரியும். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வெளியூரில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, ‘பாத்தியா, பாத்தியா’ என்று ஒரே கூச்சல்.

“ஒட்டுக் கேட்டீங்களா?” என்று கேட்டேன்.

“லைன் சரியா விழுந்துச்சான்னு பாக்க வேணாமா? அது வேலைல ஒரு பகுதி” என்றார், முகத்தில் ஒரு சலனம்கூட இல்லாமல். “ஒரே கதைய நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க. எது நிஜம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

அன்றிலிருந்து தினமும் ஒன்று. மதியச் சாப்பாட்டுத் தட்டோடு நான் போவதற்குள் அண்ணி தலையணையைச் சாய்த்துவைத்து, சன்னல் திரையையும் ஊன்றுகோலால் இழுத்துவிட்டுத் தயாராக இருப்பார். சில நேரம், “அட, கிணத்துல விழறது இவன் இல்லையா!” என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னதோடு ஒப்பிட்டு ஏமாந்துபோவார். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மதியம் சாப்பிட வருகிற நாட்களில், அந்த முகப்பு இசை கேட்டால் போதும், குழாயடியில் பக்கெட் நிரம்பிவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் கிளம்பிவிடுவார்.

“இதுல உனக்கு அப்படி என்ன பிடிச்சிருக்கு? கதவைச் சாத்தினா சுவரே ஆடுது” என்று ஒருநாள் அண்ணி கேட்டார்.

யோசித்துத்தான் சொன்னேன். “நாள் முழுக்க வர்றவங்ககிட்ட, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னே கேட்டுட்டு இருக்கேன் அண்ணி. தெளிவே இல்லாத ஒண்ணை அரை மணி நேரம் பாத்தா மனசுக்கு ஓய்வா இருக்கு. அதுவும் பயந்து முடிச்சா முடிஞ்சுது. அடுத்த வாரம் அவங்க வீட்டுக் கவலை நமக்கு இல்ல.”

அவர் ‘சரி’ என்று துண்டிக்கவில்லை. “எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்ல. பயந்தவங்க குரல் மட்டும்தான் கிடைச்சுது” என்றார்.

அப்போதுதான் முப்பத்தொன்றாம் கதையைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒன்றின் நாடா அழிந்துபோய்விட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, படம் இல்லை. பத்து வயதில் நான் அதில் பாதியைப் பார்த்தேன். புதிதாகக் குடிவந்த வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. தினமும் சாயங்காலம் ஒரு ஆள் கதவைத் தட்டி, ‘இங்கே என் மனைவி இருக்கிறாளா?’ என்று கேட்பான். அவள் இல்லை என்பாள், போய்விடுவான். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் அவளுக்கு எரிச்சல். ‘இருக்கிறாள், உள்ளே வாருங்கள்’ என்று சொல்லிவிடுவாள். அவன் ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கும்போது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது.

“அய்யோ, அதுவா!” அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அன்னைக்கு ஒருத்தன், அவளைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டான்னான். இன்னொரு பொம்பள, அவன் தண்ணி வாங்கிக் குடிச்சான், எனக்கு அழுகையே வந்துடுச்சுன்னா. எது உண்மையோ, கடவுளுக்கே வெளிச்சம்.”

இரண்டு நாள் கழித்து வேறொரு கதை. கல்லறையிலிருந்து எழுந்து வருகிற ஒருவன், விளக்கைத் தூக்கிக்கொண்டு நேராகத் திரும்பினான். நான் படத்தை நிறுத்தினேன். இடது காது வலது காதைவிட ஒரு விரற்கடை மேலே இருந்தது. முகத்தை மறந்தாலும் நான் காதை மறக்கமாட்டேன். ஃப்ரேம் கோணாமல் உட்கார வேண்டுமென்றால் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காதுக்குப் போன வாரம்தான் அளவெடுத்திருந்தேன்.

அவர் ஒரு தச்சர், எழுபதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன். “ஐயா, நீங்க டிவி நாடகத்துல நடிச்சிருக்கீங்களா?”

“யாரும்மா சொன்னா?”

“உங்க காதுதான் சொல்லுச்சு.”

விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டுடியோவில் சுவரும் கதவும் சவப்பெட்டியும் செய்யும் வேலையாம் அவருக்கு. ஒருநாள் நடிகர் வரவில்லை. ‘உன் மூஞ்சிக்கு மேக்கப்பே வேண்டாம், நில்லு’ என்று டைரக்டர் நிறுத்திவிட்டாராம். “நாலு கதைல வந்தேன். நாலுலயும் செத்தவன்தான்.”

“கதவைத் தட்டி, என் மனைவி இருக்காளான்னு...”

“அதுவும் நான்தான்.”

 மதிய ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவரை நேராக மேலே அழைத்துப்போனேன்.

அண்ணி விசாரணைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். “கடைசில என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

தச்சர் கழுத்தைச் சொறிந்தார். “அதுதான் எனக்கும் தெரியாதும்மா. ரெண்டு முடிவு எடுத்தாங்க. ஒண்ணுல அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னொண்ணுல உக்காந்துட்டு, அப்புறம் தனியாப் போயிடுவேன். எதைப் போட்டாங்கன்னு நான் பாக்கல. எங்க வீட்ல அப்ப டிவி இல்ல. நான் செத்துப் போறதைப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாக்க என் சம்சாரம் சம்மதிக்கல.”

“தண்ணி குடிச்சீங்களா?” என்றார் அண்ணி.

“எப்போ?”

“உள்ள வந்தப்புறம். தண்ணி வாங்கிக் குடிச்சீங்களா, இல்லையா?”

“குடிச்சேன். ரெண்டாவதுல. முதல் முடிவுல தண்ணியே கிடையாது.”

அண்ணி கட்டிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அப்போ அதான் ஓடுச்சு! அந்தப் பொம்பள அழுதது நிஜம். கூட்டிட்டுப் போனான்னு சொன்னவன் பாதியில தூங்கியிருக்கான்!”

தச்சர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “நல்லதா முடிச்சாங்களா?” என்றார். நாற்பது வருஷம் கழித்து வந்த செய்தி அவருக்கு.

நடித்துக் காட்டச் சொன்னது அண்ணிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தச்சர் வந்தார். சட்டையில் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். புருஷன் வேஷத்துக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்தோம். பேப்பர் படித்துக்கொண்டு எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். “அது எனக்கு நல்லா வரும்” என்றார்.

ஐந்து நாளையும் வரிசையாகச் செய்யாவிட்டால் சரிவராது என்று தச்சர் பிடிவாதம் பிடித்தார். நாலு தடவை தட்டினார், நாலு தடவை இல்லை என்றேன். மூன்றாவது தடவையே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தாவது தடவை கதவைத் திறந்து, “இருக்கா, உள்ள வாங்க” என்றபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சுவரையும் சன்னலையும் அலமாரியையும் மெதுவாகப் பார்த்தார். “வீட்டை நல்லா வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்த மாதிரி ஒரு நிம்மதி. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அது ஜலதோஷம் என்றார்.

“இன்னொண்ணையும் போடுங்க” என்றார் பிறகு. தச்சர் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இரண்டடி நடந்திருப்பார். பேப்பர் சரசரவென்று கீழே விழுந்தது.

“எங்க கூட்டிட்டுப் போறீங்க?” என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“உனக்கு வசனமே கிடையாதுடா!” என்று அண்ணி கத்தினார். அவர் அசடு வழிய உட்கார்ந்தார். அன்று எல்லோருக்கும் அவரேதான் டீ போட்டுக் கொடுத்தார்.

ஆறாம் வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, வெளுத்து, யாருடையதோ மாதிரி இருந்தது.

“பேய்க் கால் மாதிரி ஆயிடுச்சு” என்றார் அண்ணி.

“பேய்க்குக் கால் ஏது அண்ணி?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நடக்கலாம், ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இன்னும் பதினாலு கதை பாக்கி இருப்பதாக அண்ணி அவரிடமே சொல்லிவிட்டு, மேலும் இரண்டு வாரம் எங்களோடு இருந்துவிட்டுத்தான் போனார்.