ஒரு வாய்த் தண்ணீர்

பிரேமலதா டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். நான் பாளையங்கோட்டைக்காரி. உவரிப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடற்கரைப் பள்ளிக்கு விளையாட்டு டீச்சராக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து என்னை எரிச்சல்படுத்தியது ஒன்றுதான். பாதிப் பிள்ளைகள் வாயால்தான் மூச்சு விட்டன. நாலு அடி ஓடினால் போதும், வாய் ஆவென்று திறந்துவிடும். அப்புறம் தொண்டை வறட்சி, இருமல். அடக் கடவுளே, மூக்கு எதற்கு இருக்கிறது?

அதற்காகத் தண்ணீர்ச் சுற்று என்று ஒன்றை ஆரம்பித்தேன். காலையில் ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. மூக்கால் மூச்சு விட்டபடி மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்து குழாயடியில் துப்ப வேண்டும். சின்ன மைதானம், அரை நிமிஷ நடை. தண்ணீர் குறையாமல் வந்தால் நோட்டில் ஒரு நட்சத்திரம்.

முதல் நாளே ஆறாம் வகுப்பு அஞ்சலின் என்னிடம் வந்து நின்றாள். எந்நேரமும் வாய் திறந்தே இருக்கும் பிள்ளை அது.

"டீச்சர், எனக்கு வந்து..."

"வாயை மூடு. போய் வரிசைல நில்லு."

முதல் வாரம் முழுக்க அவள் பாதியிலேயே துப்பினாள். "ஒனக்கு மட்டும் மூக்கை அழகுக்கா வச்சிருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால், எல்லாரையும் முந்திக்கொண்டு அவள்தான் முதலில் வந்து சேர்ந்தாள். விறுவிறுவென்று நடந்து வந்து, வாய் நிறையத் தண்ணீரைக் குழாயடியில் துப்பிவிட்டு, ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றாள். நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன். மாசக் கடைசியில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் நட்சத்திரம் அதிகம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று, எல்லாருக்கும் தண்ணீர்ச் சுற்றைக் காட்டச் சொன்னார் தலைமையாசிரியர் ரேமண்ட் சார். ஒரு சுற்று என்ன சார், மூன்று சுற்றே காட்டலாம் என்றேன். ஆமாம், அதைச் சொன்னது நான்தான். அஞ்சலினைக் கூப்பிட்டேன்.

"மூணு சுத்து. நடுவுல துப்பினே, அம்புட்டு நட்சத்திரத்தையும் அழிச்சிருவேன்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் தம்ளரை அவள் வாயில் வைத்தேன்.

முதல் சுற்று முடிந்தது. பெற்றோர்கள் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் அவள் நடை வேகமானது. கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் ரேமண்ட் சார் பக்கத்தில் நிற்கிறாரே! "சபாஷ், அப்படித்தான்" என்று கத்தினேன்.

மூன்றாவது சுற்றில் அவள் திரும்பும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அவளுடைய அப்பா கிளமென்ட். தூத்துக்குடியில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர், அன்று காலைதான் வந்திருந்தார்.

"டீச்சர், நிப்பாட்டுங்க! பிள்ளை மூச்சு விடல!"

"மூக்கால விடுதா அண்ணாச்சி, அதுக்குத்தானே இந்தப் பயிற்சி..."

"நெஞ்சு அசையலயே! கடல்ல முங்குத மாதிரி தம் கட்டி நடக்கா!"

பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடினார். நான் அப்போதுதான் அவள் நெஞ்சைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. உதடு நீலமாக இருந்தது.

"துப்பு அஞ்சலின்! துப்பு!" என்று அலறினேன்.

அவள் என்னைப் பார்த்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு அடி வைத்தாள். அப்படியே மண்ணில் சரிந்தாள்.

கிளமென்ட் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாய்த் தண்ணீர் மண்ணில் ஓடியது. "இழு மக்கா, மூச்சை இழு!" என்று முதுகில் தட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் தட்டினார். நான் மண்ணில் உட்கார்ந்து, எந்தச் சாமியை என்று இல்லாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பாவி, ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவள் வாய் வழியாக ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

காற்று படுகிறதா என்று பார்க்க, கிளமென்ட் தன் உள்ளங்கையை நனைத்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார். "பைய ஊது மக்கா." ஒரு துவாரத்தைப் பொத்தி ஊதச் சொன்னார், மற்றதைப் பொத்தி ஊதச் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பக்கமும் அடைச்சிக் கெடக்கு டீச்சர். ஒரு பொட்டுக் காத்து வரல. தம் கட்ட நாந்தான் இவளைப் பழக்கினேன். அதை வச்சே இத்தன நாளும் ஒப்பேத்தியிருக்கா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

சாயங்காலம் திருநெல்வேலியில் டாக்டர் பார்த்தார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது, மருந்தில் குறையாவிட்டால் எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வழி திறந்த பிறகு மூக்கால் மூச்சு விடப் பழக்குங்கள், முதலில் வழி இருக்கிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் அஞ்சலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஏளா, மூக்கு அடைச்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவள் வாயால் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள்.

"மொத நாளே சொல்ல வந்தேன் டீச்சர். நீங்க வாயை மூடுன்னீங்க."