தாலி ஏறினால் திறக்கும் கதவு

எங்கள் மாவட்டத்தில் மறியல் செய்து கைதாகும் ஆசிரியர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள். உள்ளே ஒரு தாலி ஏறினால்தான் மண்டபக் கதவு திறக்கும். மற்ற ஊர்களில் சாயங்காலமானால் தானாகவே விட்டுவிடுகிறார்களாம். அவரவர் ஊர்க் கதவு அப்படி.

அதனால் மறியலுக்குக் கிளம்பும்போது கொடி, தட்டி, தண்ணீர்க் கேனோடு நிச்சயம் முடிந்த ஒரு ஜோடியையும் வேனில் ஏற்றிக்கொள்வது சங்கத்தின் வழக்கம். மாவட்டச் செயலாளர் என்ற முறையில் நானே பல கல்யாணங்களை நடத்திவைத்திருக்கிறேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இந்த முறை கல்வித் துறை முந்திக்கொண்டது. நாங்கள் ஏற்றிவந்த ஜோடியையும் கல்யாணமாகாத ஆண்களையும் மண்டப வாசலிலேயே வடிகட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவு சாத்திய பிறகு பார்த்தால், உள்ளே கல்யாணமாகாதவள் அஞ்சுகம் ஒருத்திதான். தையல் டீச்சர். பத்து வருடமாகப் பகுதிநேர வேலை. அவளைப் போன்றவர்களுக்குப் பணி நிரந்தரம் கேட்டுத்தான் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்ததே. மறுநாள் பள்ளி மணி அடிக்கும்போது வகுப்பில் இல்லாத பகுதிநேர ஆசிரியர்களுக்கு இனி வேலை இல்லை என்று துறை அறிவித்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தோடு முகூர்த்தம் முடிகிறது. அடுத்த முகூர்த்தம் மறுநாள் மதியம்தான்.

சமையற்கட்டு வழியாகத் துறையின் கண்காணிப்பாளர் திருமேனிநாதன் பட்டு வேட்டியில் வந்தார். அந்தக் கதவு உள்ளே வர மட்டும்தான். கையில் தாலி. பின்னால் தாம்பூலத் தட்டோடு இன்ஸ்பெக்டர்.

"சார், நானே கட்டிக்கிறேன். எல்லாரும் காலைல ஸ்கூலுக்குப் போயிரலாம்" என்றார் திருமேனிநாதன்.

ஆள் நல்லவர்தான். ஆனால் பெண்ணைக் கொடுத்துவிட்டால் நாங்கள் பெண் வீடு, துறை மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டார் எதையும் கேட்க முடியாது, கொடுக்கத்தான் வேண்டும். போன வருடம் நர்சுகள் இப்படித்தான் தங்கள் துறைக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். ஆடிச் சீர், தீபாவளிச் சீர் என்று இன்றைக்கும் அவர்களுக்குச் செய்து மாளவில்லை. கோரிக்கை என்று வாயைத் திறந்தால், "சம்பந்தி, இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்கிறார்களாம்.

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அஞ்சுகத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் வேலையும் அவள் ஒருத்தி கழுத்தில் வந்து நின்றதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

"முடியாதுன்னு சொல்லிரும்மா. மத்ததைச் சங்கம் பாத்துக்கும்" என்றேன். சங்கத்தின் கையில் எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"எல்லாரு வேலையும் போயிருமே சார்." அவள் தாலியை வாங்கிச் சரட்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்: "கதவு திறக்கத் தாலி ஏறணும். யாரு கழுத்துலன்னு ஏதும் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர்."

அஞ்சுகம் திருமேனிநாதனிடம் திரும்பினாள். "உங்களுக்கு இஷ்டம்தானே?"

"இஷ்டமில்லாமயா பட்டு வேட்டி கட்டிட்டு வந்தேன்?"

"அப்ப குனிங்க."

குனிந்தார். மூன்று முடிச்சையும் அவளே போட்டாள். கதவு திறந்தது.

வாசலில் லத்தியோடு நின்ற போலீஸார், இப்போது பெண் வீட்டார் ஆகிவிட்டபடியால், லத்திகளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் மேல் பன்னீர் தெளித்தார்கள். இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ளையக் கண் கலங்காமப் பாத்துக்கோங்க சம்பந்தி" என்றார்.

"அதெல்லாம் சொல்லணுமா? சீர் மட்டும் குறையாம வந்துரட்டும்" என்றேன். இத்தனை வருடச் சங்க வாழ்க்கையில் துறையிடம் நான் அந்தக் குரலில் பேசியதில்லை. சொல்ல அவ்வளவு சுகமாக இருந்தது.

காலையில் மணி அடித்தபோது அஞ்சுகம் வகுப்பில் இருந்தாள். மதியம் சீர் லாரி வந்தது. கட்டில், பீரோ, பித்தளை அண்டா. வாழைத்தார்களுக்கு மேலே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பணி நிரந்தர ஆணைகள். தன்னுடையதை எடுத்துப் படித்து அஞ்சுகம் அழுதாள். கடைசியாக நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கித் துறை இயக்குநரின் நாற்காலியை இறக்கினார்கள். இயக்குநர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இதை எங்க சார் போட?" என்று லாரிக்காரர் கேட்டார்.

வெயில் படாத பக்கமாகப் போடச் சொன்னேன்.